மன்னிப்பு கேட்க எனக்கு மூணு நாள் ஆச்சு

நான் அக்கவுண்ட்ஸ்ல 11 வருஷமா இருக்கேன். இது நடந்த வருஷம் பைபிள் முழுசையும் ஒரே வருஷத்துல வாசிச்சு முடிக்கணும்னு தீர்மானம் எடுத்திருந்தேன், மொத்தம் 1189 அதிகாரம், ஒரு நாளைக்கு மூணு நாலுன்னு போனா முடிஞ்சிடும், காலைல 5 மணிக்கே எந்திரிச்சு வாசிச்சு டிக் அடிச்சிட்டுதான் ஆபீஸுக்கு கிளம்புவேன். ஆவிக்குரிய வாழ்க்கைல வளர்ந்துட்டு வர்றேன்னு மனசார நம்பினேன்.

மாசக் கடைசி க்ளோசிங். பேங்க் ரீகன்சிலியேஷன்ல, அதாவது நம்ம கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒப்பிட்டு பாக்கறதுல, 90 ரூபா இடிக்குது. ராத்திரி எட்டு மணி இருக்கும், மேனேஜர் வந்து பின்னாடி நிக்கிறாரு, பக்கத்து சீட்ல புதுசா சேர்ந்த தம்பி, அன்னைக்கு என்ட்ரில பாதி அவன் போட்டது. "இவன்தான் சார் எங்கயோ சொதப்பியிருக்கான், எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் மண்டைல ஏறமாட்டேங்குது"ன்னு சொல்லிட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசல. பேனா மூடியை கழட்டி கழட்டி மாட்டிட்டே இருந்தான்.

இடிக்கிற தொகை 9ஆல மீதி இல்லாம வகுபட்டா எங்கயாவது ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கான்னு பாக்கணும், கணக்கு வேலைல இது பழைய பாடம். அவன் கிளம்பினப்புறம்தான் அப்படி பாத்தேன். 7,450 இருக்க வேண்டிய இடத்துல 7,540. போட்டது என் லாகின்ல, நானே. திருத்தினேன், டேலி ஆச்சு, யார்கிட்டயும் சொல்லாம வீட்டுக்கு போயிட்டேன்.

மறுநாள் காலைல மத்தேயு 5. காணிக்கை செலுத்த வந்த இடத்துல "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கயே வச்சிட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு இயேசு சொல்றாரு. எனக்கு அவன்மேல குறை இருந்தான்னு இல்ல, அவனுக்கு என்மேல குறை இருந்தா. சின்ன வயசுல இருந்து எத்தனை பிரசங்கத்துல கேட்ட வசனம், அன்னைக்குதான் அது என் கண்ணுல பட்டுச்சு. ஆனாலும் டிக் அடிச்சிட்டு ஆபீஸுக்கு போனேன், அவன் "குட் மார்னிங்க்கா"ன்னான், நானும் குட் மார்னிங் சொல்லிட்டு சிஸ்டத்தை ஆன் பண்ணேன்.

மூணு நாள் இப்படியே போச்சு. முழங்கால் போட்டா ஜெபம் வரல, வார்த்தை வருது, உள்ள ஒண்ணும் அசையல. மூணாவது நாள் அவனை கூட்டிட்டு மேனேஜர் ரூமுக்கே போய், "சார், அன்னைக்கு தப்பு பண்ணது நான், பழியை இவன்மேல போட்டேன், என்னை மன்னிச்சிருப்பா"ன்னு சொன்னேன், ஏன்னா அவமானம் அவர் முன்னாடிதானே நடந்துச்சு. "பரவால்லக்கா"ன்னான். வெளிய வந்தப்புறம் மெதுவா சொன்னான், "அன்னைக்கு ராத்திரி தூங்கலக்கா, போட்ட என்ட்ரி ஒவ்வொண்ணா நினைச்சு பாத்துட்டே இருந்தேன்." அதை கேட்டப்போ வந்த வலி இன்னும் போகல.

கலாத்தியர் 5ல ஆவியின் கனின்னு ஒன்பது குணம் சொல்லியிருக்கு, அதுல நீடியபொறுமை, தயவு, சாந்தம் இதெல்லாம் தனியா உக்காந்து இருக்கும்போது இருக்கா இல்லையான்னே தெரியாது, பக்கத்துல ஒரு ஆள் வேணும். அதுக்காக வாசிப்பை குறைச்சுக்கல, வாசிக்காம இருந்திருந்தா அந்த வசனம் என்னை பிடிச்சிருக்கவே இருக்காது.

17ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல கார்மல் சபை மடத்துல சகோதரர் லாரன்ஸ்னு ஒருத்தர் இருந்தாரு, 1691ல இறந்தவர். இயல்புலயே பிடிக்காத சமையலறை வேலையை வருஷக்கணக்கா செஞ்சுக்கிட்டே தேவனோட பேசிட்டு இருந்தவர். முதல் பத்து வருஷம் உள்ளுக்குள்ள ரொம்ப போராடினேன்னு அவரே கடிதத்துல எழுதியிருக்காரு. சோர்ந்து போற நாள்ல அந்த பத்து வருஷம் எனக்கு பெரிய ஆறுதல், அவருக்கே அவ்வளவு காலம் ஆச்சுன்னா நான் ஏன் மூணு நாளுக்கு மனசு விடணும்.

கோபம் எனக்கு இன்னும் வருது. போன மாச க்ளோசிங்ல ஒரு வவுச்சர் காணோம்னு காலைல அதே தம்பிகிட்ட குரலை உயர்த்திட்டேன். ஸ்டேட்மென்ட்டை திறந்து வச்சிருக்கேன், ஒரு வரி ஓடல. எழுந்து அவன் சீட்டுக்கு போனேன். "அதுக்குள்ளயாக்கா"ன்னு சிரிச்சான். மணி பாத்தேன், இன்னும் மதியம் ஆகல. ரெண்டு பேரும் தரையில உக்காந்து ஃபைல் எல்லாத்தையும் பரப்பி அந்த வவுச்சரை தேட ஆரம்பிச்சோம்.