பொய்யாத விநாயகருக்கு அடுத்த தெருவில்

மலேசியாவின் மலாக்கா நகரில் ஜாலான் துக்காங் எமாஸ் என்று ஒரு தெரு இருக்கிறது. பொற்கொல்லர் தெரு என்று அர்த்தம். அங்கே 1781இல் மலாக்கா செட்டிகள் கட்டிய ஒரு கோவில். சாமியின் பெயர் பொய்யாத விநாயகர். பதினோரு வருஷம் தினமும் காலையில் அவரைக் கும்பிட்டுவிட்டு, அடுத்த தெருவான ஜோங்கர் தெருவில் ஒரு பழம்பொருள் கடைக்கு வேலைக்குப் போனேன். "இங்கே பாதிப் பொருள் பொய். மீதிப் பாதியின் கதை பொய்" என்று அந்தக் கடையின் தவுக்கேயே, அதாவது முதலாளியே, சிரித்துக்கொண்டு சொல்வார்.

நான் சேர்ந்தது 2000இல். நல்ல நேரம், கெட்ட நேரம் இரண்டும் அதுதான். பழைய கடைவீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு போய்விட்டது. தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகையில் இருந்தவர்கள் காலி செய்தார்கள். கட்டில், அலமாரி, சாமி மேசை, பீங்கான் என்று எல்லாம் லாரியில் வந்து இறங்கியது. ஒரு வீடே கடை வாசலில் கவிழ்ந்து கிடப்பது போல இருக்கும். சந்தோஷப்பட முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. தொழில் அப்படி.

முதல் ஆறு மாதம் நான் எதையும் விற்கவில்லை. கழுவினேன். தவுக்கே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, அடியில் துண்டு விரித்து, நோன்யா பீங்கான்களை ஒவ்வொன்றாகக் கழுவச் சொல்வார். சுத்தமாக இருப்பதையும் அடுத்த வாரம் மறுபடி கழுவ வேண்டும். ஏன் என்று கேட்டால், "கைக்குப் பள்ளிக்கூடம், தம்பி" என்பார். தம்பி, வடை, தோசை, இந்த மூன்றுதான் அவருக்குத் தெரிந்த தமிழ். மற்றதெல்லாம் மலாய்.

நோன்யா பீங்கான் என்பது இங்கே செய்ததில்லை. சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் உள்ள ஜிங்தெஜென் சூளைகளில், நம் பக்கத்தில் குடியேறி மலாய்ப் பழக்கங்களோடு கலந்த சீனரான பாபா குடும்பங்களின் ருசிக்கென்றே செய்து அனுப்பியது. பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இருபதின் தொடக்கம் வரையிலானவை. ரோஸ், பச்சை, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள், நடுவில் பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும். இவை கல்யாணம், பிறந்தநாள், சீனப் புத்தாண்டு போன்ற நாள்களுக்கு மட்டும் வெளியே வரும். தினசரிச் சாப்பாட்டுக்கும் முன்னோர் படையலுக்கும் துக்க காலத்துக்கும் நீலமும் வெள்ளையும்தான். நகையிலும் அதே கணக்கு. துக்கத்தில் தங்கமும் வைரமும் பெட்டிக்குள் போய்விடும், வெள்ளியும் முத்தும் வெளியே வரும். ஒரு வீட்டிலிருந்து வரும் பெட்டியைத் திறந்தால் அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டது இரண்டும் தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கும்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் முத்திரை பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். நூலகத்தில் உட்கார்ந்து ஆறெழுத்து முத்திரையெல்லாம் மனப்பாடம் செய்தேன். ஒருநாள் காங்ஷி முத்திரை போட்ட கிண்ணம் ஒன்றைக் கண்டுபிடித்துக் குதித்தேன். காங்ஷி பேரரசரின் காலம் 1662 முதல் 1722 வரை. தவுக்கே செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "கடையில் அப்படி இன்னும் நாற்பது இருக்கிறது" என்றார். குவாங்ஷூ காலத்தில், அதாவது 1875க்கும் 1908க்கும் நடுவில், சூளைக்காரர்கள் பழைய பேரரசர் பெயரைத் தாராளமாகப் போட்டார்கள். ஏமாற்றத்தான் போட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. முன்னோர் மேல் மரியாதை என்பார்கள். எழுத்தை யாரும் எழுதலாம், அவ்வளவுதான்.

முத்திரையை விட்டுவிட்டுக் கை வழியாகப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் வேலை பிடிபட்டது. மேல்பூச்சு வண்ணம் விரலுக்குக் கொஞ்சம் மேடாகத் தட்டுப்படும். ஒட்டுப்படம் என்றால் வழவழவென்று இருக்கும், லென்ஸ் வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்தால் பழைய வண்ணத்தைச் சுற்றி மெல்லிய வானவில் நிறம் தெரிவதுண்டு. அடி வளையத்தில் மெருகு இல்லாத மண் தெரியும் இடம்தான் முக்கியம். பழுப்பாக இருந்தால் பழசு என்று நினைக்கக் கூடாது, தேயிலைச் சாயமாக இருக்கலாம். உண்மையான தேய்மானத்துக்கு ஒழுங்கு கிடையாது. கீறல்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடினால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் ஏமாந்தேன். தெரிந்ததால்தான் ஏமாந்தேன் என்று சொல்ல வேண்டும்.

மூவார் பக்கம் ஒரு பழைய பலகை வீடு. சாமி மேசையில் ஊதுவத்தி புகைகிறது. ஒரு முதியவர் கட்டிலுக்கு அடியிலிருந்து துணிமூட்டையை இழுத்து எடுத்தார். உள்ளே ரோஸ் நிறக் கம்செங். மூடி போட்ட குண்டு ஜாடி, மூடியின் உச்சியில் பிடிக்க ஒரு சிங்கம். அவருடைய பாட்டிக்குப் பன்னிரண்டு நாள் கல்யாணத்தில் வந்த சீராம். ஜப்பான்காரன் காலத்தில் கிணற்றடியில் புதைத்து வைத்தார்களாம். அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் தொண்டை அடைத்தது. லென்ஸை எடுத்தேன். ஆனால் சம்பிரதாயத்துக்குத்தான் பார்த்தேன். என் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமான கடைப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தவுக்கே திட்டவில்லை. மூடியைத் திறந்து மூடச் சொன்னார். செய்தேன். "எங்கே பிடித்தாய்?" சிங்கத்தைத்தான். "நூறு வருஷமாக எல்லாரும் அங்கேதான் பிடித்திருப்பார்கள், இல்லையா?" சிங்கத்தின் முதுகில் தங்கப்பூச்சு மின்னிக்கொண்டிருந்தது. தங்கம் எல்லாவற்றுக்கும் மேலே, குறைந்த சூட்டில் ஏற்றுவது. முதலில் போவது அதுதான். ஜாடியின் உள்ளடியில் அத்தனை தேய்மானம், கைபடும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. பிறகுதான் தெரிந்தது, ஆள் நடமாட்டம் இல்லாத பழைய வீடுகளில் புதுப் பொருளை வைத்து விற்பது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது என்று. ஊதுவத்தியும் விலையில் சேர்த்திதான். அந்த ஜாடி நான் வேலையை விடும்வரை கல்லாவுக்குப் பின்னால் குடை வைக்கப் பயன்பட்டது.

அதற்குப் பிறகு நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். யார் கதை சொன்னாலும் காது மூடிக்கொள்ளும். வாடிக்கையாளர் பேசப் பேச யூவி விளக்கை ஏற்றி ஒட்டுப்போட்ட இடம் தேடுவேன். கெட்டிக்காரன் என்று பெயர் வந்தது. கொஞ்சம் திமிரும் வந்தது.

அப்போதுதான் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து ஒரு நேனேக், அதாவது பாட்டி, வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. கெபாயா என்னும் மலாய் மேல்சட்டை, நெற்றியில் விபூதி, சட்டையைப் பூட்டிய மூன்று கெரோசாங் அலங்கார ஊசிகள். மலாக்கா செட்டிகள் தமிழ் வணிகர் வழிவந்தவர்கள், வீட்டில் பேசுவது மலாய். என்னையும் அவரையும் ஒரே கோவிலில் பார்க்கலாம், ஆனால் நாங்கள் பேசிக்கொள்வது மலாயில்தான். பிரம்புக் கூடையில் பச்சை நிறக் கம்செங் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அம்மாவுடையது, பேரனின் படிப்புக்காக விற்க வேண்டும் என்றார்.

ஜாடி அசல். சந்தேகமே இல்லை. மூடி அசல் இல்லை. ஜாடியின் விளிம்பு பல வருஷம் மூடி உரசி வழுவழுத்துக் கிடந்தது. மூடியின் விளிம்போ சுண்ணாம்புக்கட்டி போலச் சொரசொரவென்று இருந்தது. பச்சையும் அரை மாத்திரை கூடுதல். ஒரு ஜாடிக்கு வேறொரு மூடி சேர்வதை எங்கள் தொழிலில் கல்யாணம் என்போம். இது வயசு பொருந்தாத கல்யாணம்.

வழக்கமாக இதைச் சொல்ல என்னிடம் ஒரு தொனி இருந்தது. அன்றைக்கு அது வரவில்லை. அவர் நேர்மையாகப் பேசுகிறார், மூடி பொய் சொல்கிறது. மெதுவாகத்தான் சொன்னேன், "நேனேக், ஜாடி உங்கள் அம்மாவுடையதுதான். மூடி பிறகு வாங்கியது. விலை பாதிகூடத் தேறாது."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மூடியை வாங்கி மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள், அவருடைய தம்பி சமையலறையில் எதையோ உடைத்தானாம். பெரிய சத்தம். அம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன உடைந்தது என்று அப்பா கேட்டதற்குச் சட்டி என்றார்களாம். அதன் பிறகு அந்தக் கம்செங்கை யாரும் தொடக் கூடாது என்று அம்மா அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார்.

"அப்பா சாகும்வரை கண்டுபிடிக்கவில்லை" என்றார் நேனேக், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தவுக்கே உள்ளேயிருந்து வந்து ஜாடிக்கு மட்டும் ஒரு விலை சொன்னார், நியாயமான விலை. நேனேக் சம்மதித்தார். மூடியைத் தர மாட்டேன் என்றார். பழைய செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் அவர் தோளில் போட்டிருந்த செலெண்டாங் துணியையும் சுற்றி, கூடைக்குள் வைத்துக் கொடுத்தேன். வெயிலுக்குக் குடை இல்லாமல் வந்திருந்தார். மூவார் ஜாடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன்.