கால் ஒண்ணு, ஹெட் ரெண்டு: ஒன்றரை வருஷ ட்ரைபாட் அனுபவம்

நான் எடுக்கறது ரெண்டே ரெண்டு விஷயம்தான், மனுஷங்க முகம், அப்புறம் பறவைங்க. கேமரா நிக்கான் டி7500. முகத்துக்கு 85 எம்எம் எஃப்/1.8, பறவைக்கு சிக்மா 150-600 கன்டெம்பரரி. பாடி பேட்டரியோட 720 கிராம், 85 லென்ஸ் 350 கிராம், சிக்மா மட்டும் 1.9 கிலோவுக்கு மேல. அதாவது ஒரு செட்டப் ஒரு கிலோ சொச்சம், இன்னொண்ணு ரெண்டரை கிலோவைத் தாண்டும், நீளமும் ஒரு முழத்துக்கு வரும். இது ரெண்டையும் ஒரே ட்ரைபாட், ஒரே பால் ஹெட்ல (கேமராவை எந்தப் பக்கமும் சாய்க்கற உருண்டை வச்ச தலை) சமாளிச்சிரலாம்னு நெனச்சுதான் ஆரம்பிச்சேன்.

முதல்ல வாங்கினது அலுமினியம் கால், ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற நாலு செக்‌ஷன், நடுவுல ஏத்தி எறக்கற சென்டர் காலம் (நடுக்கம்பம்), கூடவே வந்த பால் ஹெட், உருண்டை 36 எம்எம். பாக்ஸ்ல 8 கிலோ தாங்கும்னு போட்டிருந்துச்சு, நம்ம வெயிட்டு ரெண்டரைதானே, மூணு மடங்கு இருக்கே, போதும்னு எடுத்துட்டேன். கம்பெனி பேரு வேண்டாம், ஏன்னா அந்த விலையில எல்லாமே கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கு.

ஜனவரியில விடியக்காலம் அஞ்சு மணிக்கு பாளையங்கோட்டையில இருந்து பைக்ல கூந்தன்குளம் போனேன். தெரியாதவங்களுக்கு சொல்றேன், நாங்குநேரி பக்கம் இருக்கற ஊரு, குளத்துல இருக்கற கருவேல மரத்துல மட்டுமில்ல, ஊருக்குள்ள வீட்டு முத்தத்து மரத்துலயும் சங்குவளை நாரை கூடு கட்டும், ஊர்க்காரங்க அதுக்காக வெடி கூட போடமாட்டாங்க. கரையில ட்ரைபாட் போட்டு கூட்டுல இருந்த நாரையை ஃபோகஸ் பண்ணிட்டு இருந்தேன், அது எழும்பிப் பறந்துச்சு, கூடவே திருப்பலாம்னு பால் ஹெட்டை டைட் பண்ற திருகை (நாப்) லூஸ் பண்ணேன், அவ்ளோதான், லென்ஸ் மூக்கு குத்தற மாதிரி படார்னு முன்னாடி சாஞ்சு ட்ரைபாட் கால்ல இடிச்சுது. நடுவுல என் ஆள்காட்டி விரல். லென்ஸுக்கு ஒண்ணும் ஆகலை, முன்னாடி மாட்டற ஹூட்ல ஒரு கீறல்தான், ஆனா நகம் கருத்து ரெண்டு மாசம் அப்படியே கெடந்துச்சு.

அன்னைக்குத்தான் எனக்கு புரிஞ்சுது, 8 கிலோங்கறது நேரா மேல வச்சா தாங்கற கணக்கு. பால் ஹெட்ல மொத்த வெயிட்டும் அந்த உருண்டைக்கு மேல நிக்குது, டைட்டா இருக்கற வரைக்கும் நிக்கும், லூஸ் பண்ணினா எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் விழும். ஓடற பறக்கற ஜீவனை எடுக்கணும்னா நாப்பை லூஸா வச்சுத்தான் ஆகணும், டைட் பண்ணி வச்சா பறவை ஃப்ரேமை விட்டுப் போயிரும். ஆக பெரிய லென்ஸுக்கு பால் ஹெட் சரிவராது, எவ்ளோ வெல கொடுத்தாலும் இந்தக் குணம் மாறாது.

வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில ஒரு டெஸ்ட் பண்ணேன், இதை யாரு வேணாலும் செஞ்சு பாக்கலாம். 600 எம்எம்ல தூரத்து கரண்ட் கம்பத்துல இருக்கற பீங்கானை லைவ் வியூவுல முழுசா ஜூம் பண்ணி வச்சுகிட்டு, லென்ஸை விரலால ஒரு தட்டு தட்டி, ஆட்டம் எப்ப நிக்குதுன்னு பாத்தேன். சென்டர் காலம் முழுசா ஏத்தினப்ப பீங்கான் ஸ்க்ரீன்ல இங்கயும் அங்கயும் ஊசலாடிட்டே இருக்கு, காலத்தை எறக்கினதும் பாதிக்கு மேல கொறஞ்சிருச்சு. கடைசி செக்‌ஷன் கால் பென்சிலை விட கொஞ்சம் தடிமன், அதை உள்ள தள்ளிட்டு மூணு செக்‌ஷன்ல நிறுத்தினா இன்னும் நல்லா நிக்குது. டி7500 மாதிரி சின்ன சென்சார் (ஏபிஎஸ்-சி) பாடியில 600ங்கறது 900 எம்எம் மாதிரி தெரியும், அந்த நெருக்கத்துல கால் ஆட்டம் ஒரு முடி அளவு இருந்தாலும் இறகு எல்லாம் கொழகொழன்னு வந்துரும். நான் அது வரைக்கும் ஃபோகஸ் மிஸ்னு நெனச்சு தூக்கிப் போட்ட படங்கள்ல பாதி இந்த ஆட்டத்தாலதான் போயிருக்கு.

சரி, கால் மாத்தணும். எவ்ளோ உயரம் வேணும்னு டேப் எடுத்து அளந்தேன். என் கண்ணு தரையில இருந்து 162 சென்டிமீட்டர். வ்யூஃபைண்டர் வரைக்கும் கேமராவுக்கு ஒரு 9, ஹெட்டுக்கு 11, ரெண்டையும் கழிச்சா 142. அதனால சென்டர் காலமே இல்லாம 142க்கு மேல வர்ற கால் தேடினேன், குளத்துக்கரை சரிவுல ஒரு காலை நீட்ட வேண்டி வரும், அதுக்கும் கொஞ்சம் மிச்சம் வேணும். கடைசியா எடுத்தது கார்பன், மேல் குழாய் 32 எம்எம், மூணு செக்‌ஷன், சென்டர் காலமே கிடையாது. சென்டர் காலம் இல்லாததுல இன்னொரு லாபம், மூணு காலையும் அகலமா விரிச்சா தரையோட தரையா படுக்கும், சேத்துல மேயற நெடுங்கால் உள்ளானை அது கண்ணு மட்டத்துல எடுக்கலாம். செக்‌ஷனைப் பூட்டற லாக் திருகற (ட்விஸ்ட்) டைப், சேறு உள்ள போகும், வீட்டுக்கு வந்ததும் கழட்டி தண்ணியில கழுவி காய வச்சுதான் மாட்டணும், ஒரு தடவை சோம்பல் பட்டு விட்டேன், மறுவாரம் திருகும்போது நறநறன்னு மணல் சத்தம்.

அடுத்து கிம்பல் ஹெட், பழசா ஒண்ணு கெடைச்சுது. இதுல லென்ஸ் ஆக்சிஸுக்கு பக்கத்துல தொங்கற மாதிரி உக்காரும், பேலன்ஸ் பண்ணிட்டா நாப் ரெண்டையும் முழுசா லூஸ் பண்ணி கையை எடுத்தாலும் எங்க விட்டோமோ அங்கயே நிக்கும். ஆனா பேலன்ஸ் பண்ண எனக்கு ஒரு வாரம் ஆச்சு. முன்னாடி பின்னாடி நகத்தறது சுலபம், மூக்கு எறங்கினா பின்னாடி இழு, ஏறினா முன்னாடி தள்ளு. எல்லாரும் இதோட விட்டுடறாங்க, நானும் விட்டேன். கிடைமட்டத்துல ஒழுங்கா நிக்குது, மேல பாக்க தூக்கினா தானா இன்னும் மேல போய் கவிழுது. காரணம் லென்ஸோட கனம் திரும்பற ஆக்சிஸுக்கு மேல உக்காந்திருக்கு, லென்ஸ் வைக்கற தட்டை எறக்கணும். ரொம்ப எறக்கிட்டா ஊஞ்சல் மாதிரி தானா பழைய இடத்துக்கு திரும்பி வரும், அப்ப கொஞ்சம் ஏத்தணும். ரெண்டும் இல்லாம நடுவுல ஒரு புள்ளி வரும், அங்க பெயின்ட் மார்க்கரால கோடு போட்டு வச்சிட்டேன்.

இந்த சிக்மா ஜூம் பண்ணினா முன்னாடி நீளும், அதனால 150ல பேலன்ஸ் பண்ணினா 600ல மூக்கு எறங்கிரும். நான் எப்பவும் 500, 600லயே இருக்கறதால ஹூட் மாட்டி 600ல வச்சே பேலன்ஸ் பண்றேன். லென்ஸ் ஃபுட்டுக்கு (லென்ஸுக்கு அடியில ஹெட்ல மாட்டறதுக்கு இருக்கற பாதம்) ஆர்கா டைப், அதாவது ஹெட்டோட கவ்வியில சறுக்கி மாட்டற, நீளமான பிளேட் போட்டாத்தான் பின்னாடி இழுக்க எடம் கெடைக்கும். ஒரே ஸ்க்ரூவுல மாட்டினா பிளேட் திரும்பிரும், அதனால திரும்பாம பிடிக்கற முளை இருக்கற பிளேட்டா பாத்து வாங்குங்க.

போன டிசம்பர்ல வரித்தலை வாத்து கூட்டம் வந்தப்ப இந்த செட்டப்ல நின்னேன். இமயமலையைத் தாண்டி வந்த ஜீவன், தண்ணிய விட்டு எழும்பும்போது ரெண்டு விரலால லென்ஸை திருப்பிகிட்டே போறேன், கண்ணு ஃப்ரேமுக்குள்ளயே இருக்கு, தலையில இருக்கற ரெண்டு கருப்புக் கோடும் தனித்தனியா தெரியுது, எனக்கு அழுகையே வந்துருச்சு.

இப்ப போர்ட்ரெய்ட். கிம்பல்ல 85 லென்ஸை மாட்டிப் பாத்தேன், சின்ன லென்ஸுக்கு ஃபுட் கிடையாது, நெட்டுக்குத்தா எடுக்க வழியே இல்ல. ஆக பால் ஹெட் இங்க வேணும். தார்சாவுல (வீட்டு முன் அறை) சன்னல் வெளிச்சத்துல ஆச்சியை உக்கார வச்சு பழைய 36 எம்எம் ஹெட்ல எடுத்தேன், கேமராவை பக்கவாட்டுல சாய்ச்சு கண்ணுல ஃபோகஸ் வச்சு டைட் பண்ணிட்டு கையை எடுத்தா, மெதுவா ஒரு நூல் அளவு எறங்குது, கண்ணுல வச்ச பாயின்ட் கன்னத்துல நிக்குது. எஃப்/1.8ல ஃபோகஸ் ஆகற ஆழம் ரொம்பக் கம்மி, அது போதும் படம் போக. நாலு தடவை சரி பண்ணிட்டு இருந்தப்ப ஆச்சி, "ஏய்யா, அந்தக் குச்சியவே பாத்துகிட்டு இருக்கியே, என்னைய எப்ப பாப்ப"ன்னு கேட்டுட்டா. அது எனக்கு ரொம்ப சுருக்குன்னு பட்டுச்சு. ட்ரைபாட் வைக்கறதே கேமராவை மறந்துட்டு எதிர்ல இருக்கறவங்க முகத்தைப் பாத்து பேசத்தானே.

அதுக்கப்புறம் 44 எம்எம் பால் ஹெட்டும், கேமராவோட அடியிலயும் பக்கத்துலயும் பிடிக்கற எல் வடிவ பிளேட்டான எல் பிராக்கெட்டும் வாங்கினேன். எல் பிராக்கெட் போட்டா கேமராவை கழட்டி நெட்டுக்குத்தா மாட்டிக்கலாம், ஹெட்டை சாய்க்கவே வேண்டாம், வெயிட்டு நேரா காலுக்கு மேலயே நிக்கும், எறங்கற பிரச்சினை போயே போச்சு. கால் அதே கார்பன் கால்தான், மேல இருக்கற 3/8 இன்ச் ஸ்க்ரூவுல ஒரு ஹெட்டை கழட்டி இன்னொண்ணை மாட்ட ஒரு நிமிஷம். இப்ப 1/60ல ஷட்டர் வச்சு, ரிமோட்டைக் கையில பிடிச்சுகிட்டு ஆச்சி பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துக்கறேன். போன வாரம் அவ சின்ன வயசுல குளத்துல நீச்சல் அடிச்ச கதையை சொல்லிட்டு இருக்கும்போது எடுத்த படத்துல, கண்மணிக்குள்ள சன்னல் கம்பி நாலும் தெரியுது.

இன்னும் பாக்கி ஒண்ணு இருக்கு. கரையில கால் சமமா இல்லேன்னா கிம்பலைத் திருப்பத் திருப்ப தண்ணிக் கோடு சாயுது, ஒவ்வொரு தடவையும் மூணு காலையும் நீட்டி சுருக்கி லெவல் பண்ண நேரம் போகுது. காலுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல மாட்டற லெவலிங் பேஸ் ஒண்ணு நண்பர்கிட்ட இரவல் கேட்டிருக்கேன், அடுத்த தடவை கூந்தன்குளம் போயிட்டு வந்து அது எப்படி இருக்குன்னு எழுதறேன்.