விட்டுப்போன வியாழக்கிழமை

காலையில் சீட்டில் உட்கார்ந்ததும் என் முதல் வேலை, அன்றைய வேலைகளைத் தாளில் எழுதுவது. இரவு பேக்கப் முடிந்ததா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, பிரின்டருக்கு டோனர் வந்ததா. பதினோரு வரியில் ஒன்பது, நேற்று எழுதிய அதே வரிதான். சர்வரில் ஊருக்கெல்லாம், குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரான் போட்டுக் கொடுக்கிற ஆள், தனக்கு மட்டும் கையால் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டர் எப்படியும் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். அதில் வேலைப் பட்டியலும் குறிப்பும் வைத்துக்கொள்ள உதவும் ஆர்க் மோட், கார்ஸ்டன் டோமினிக் என்ற வானியலாளர் 2003-இல் எழுதத் தொடங்கியது. வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். வேலைக்கு ஒரு தேதி கொடுத்து, அதற்குள் ‘கூட்டல், ஒன்று, டி’ (+1d, அதாவது ஒரு நாள்) என்று சேர்த்தால், டன், அதாவது ‘முடிந்தது’ போட்டதும் தேதி ஒரு நாள் தள்ளிப்போய் வேலை மறுபடி டுடூ, அதாவது ‘செய்யவேண்டியது’ ஆகிவிடும். அரை மணி நேரத்தில் ஒன்பதையும் ஏற்றினேன். தாளுக்கு ஓய்வு.

அப்புறம் ஒரு புதன்கிழமை காய்ச்சலில் படுத்தேன். திங்களன்று வந்து, வேலைகளைத் தேதிவாரியாகக் காட்டும் அஜெண்டாவைத் திறந்தால் எல்லாம் புதன்கிழமையிலேயே நின்றிருந்தன. ‘டிஸ்க் இடம்’ வரிக்கு டன் போட்டேன், வியாழனுக்கு நகர்ந்தது. போன வியாழக்கிழமை டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருந்தது என்று இன்று போய் எப்படிப் பார்ப்பது?

ஒரு கூட்டல் குறி போட்டால் ஒவ்வொரு தவணையாகத்தான் நகரும். இரண்டு போட்டால், விட்டதைத் தாண்டி வரப்போகும் நாளுக்குப் போகும், வாரத் தவணையானால் கிழமை மாறாது. புள்ளி வைத்துக் கூட்டல் போட்டால், முடித்த நாளிலிருந்து எண்ணும். கையேட்டில் இதெல்லாம் இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. ஆனால் எந்த வேலைக்கு எது என்று கையேடு சொல்லாதே. மாத பில்லை அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புவதில் ஒன்றுகூட விடக்கூடாது, அதற்கு ஒற்றைக் கூட்டல். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போனது போனதுதான், அடுத்த வெள்ளி பார்த்துக்கொள்ளலாம். டிஸ்க் இடத்துக்குப் புள்ளி. இப்படிப் பிரித்து முடிக்க மூன்று நாள் ஆனது. தாளில் எழுதிய காலத்தில் இதை ஒவ்வொரு காலையும் யோசிக்காமலே செய்திருக்கிறேன்.

“மொபைல்ல அலாரம் வெச்சா முடிஞ்சுது சார்” என்றார் பக்கத்து சீட் நண்பர். அவர் அலாரம் அடிக்கும், அவர் அணைப்பார், அவ்வளவுதான்.

சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. மூன்று கீயில் டன் போட்டுப் பழகியதில், ஒரு வாரம் பேக்கப் ஃபைல் பூஜ்ஜியம் பைட்டில் கிடந்ததைப் பார்க்காமலே தினமும் முடித்திருக்கிறேன். இப்போது அந்த ஒரு வேலைக்கு மட்டும், டன் போடும்போது குறிப்பு கேட்கும்படி வைத்திருக்கிறேன். காலியாக விட்டாலும் ஈமேக்ஸ் ஒன்றும் சொல்லாது. ஆனாலும் சர்வரில் போய்ப் பார்த்து, ஃபைல் அளவை டைப் செய்கிறேன். நேற்று 40 ஜிபி, இன்று 41.