பொன்மனை வழியாக டர்பனுக்கு

"தமிழ்நாட்டுக்குத்தானே போற, அது ஒரு வெளிநாடா?" என்று சுங்கை சிப்புட்டில் எல்லோரும் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மலேசியாவில் பேராக் மாநிலத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நான். வீட்டில் தமிழைத் தவிர வேறு பேசியதில்லை. கல்யாணமாகிக் கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கும் பொன்மனைக்கும் நடுவில் ஒரு வீட்டுக்கு வருகிறேன். இதில் புதிதாகப் பழக என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் என்று பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தில் என் பெயரைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அதைவிட, வீட்டுக்குள் நடந்ததுதான் என்னை அதிகம் கலங்க வைத்தது. முதல் நாள் காலையில் மாமி, "காப்பி குடிச்சாச்சா மக்ளே?" என்று கேட்டார். ஒரு டம்ளர் குடித்திருந்தேன், ஆச்சு என்று சொன்னேன். பதினொரு மணி வரைக்கும் இலை போடவே இல்லை. இங்கே காலைச் சாப்பாட்டுக்கே காப்பி என்றுதான் பெயர். எங்கள் பக்கம் "பசியாறியாச்சா" என்று கேட்போம். ஒரே மொழிதான், ஆனாலும் பட்டினி கிடந்தேன். அப்புறம் பலாப்பழம் சக்கை ஆனது, மரவள்ளி மரச்சீனி ஆனது. நான் வாயைத் திறந்தால் கடைக்காரர், "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டுவிடுவார்.

ஒன்றே ஒன்றுதான் பழகியதாக இருந்தது: ரப்பர் மரம். என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் இங்கே வந்தது தை மாதம். மரங்கள் இலை உதிர்த்து வெறுங்கிளையோடு நின்றன, வீட்டுப் பின்புறத்தில் ஷீட் காயும் அந்தப் புளித்த வாசனை. எங்கள் ஊரில் பால் பிடிக்க மங்கு, இங்கே பல மரங்களில் சிரட்டை. மற்றபடி அதே மரம், அதே சாய்ந்த வெட்டு. அந்த வாசனைக்காகவே விடியுமுன் எழுந்து தோட்டத்து வழியாக நடக்க ஆரம்பித்தேன்.

அடுத்த மாதம் சிவராத்திரி வந்தது. இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சிவாலய ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரைக்கும் 12 சிவன் கோவில்கள். சுமார் 110 கிலோமீட்டர் என்று ஊரில் கணக்குச் சொல்கிறார்கள். காவி உடுத்தி, கையில் பனையோலை விசிறியோடு, "கோவிந்தா... கோபாலா..." என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடுவார்கள். ஒவ்வொரு கோவிலிலும் குளித்து, ஈரத் துணியோடு கும்பிட்டு, அடுத்த கோவிலுக்கு ஓட வேண்டும். பேச்சுவழக்கில் சாலய ஓட்டம். பொன்மனை ஐந்தாவது கோவில், எங்கள் வீடு அந்தப் பாதையில் இருக்கிறது.

அன்று இரவு தெருவில் யாரும் தூங்கவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பாத்திரம். சில வீட்டில் மோர், சில வீட்டில் பானகம், எங்கள் வீட்டில் சுக்குத் தண்ணீர். நான் திண்ணையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். "நின்னு பாத்தா போதுமா மக்ளே, டம்ளரை நீட்டு" என்றார் மாமி. நீட்டினேன். வாங்கிக் குடித்தவர்கள் யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை. குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பித் தந்துவிட்டு, கோவிந்தா என்று ஓடிவிட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒரு கேள்வியும் இல்லாமல் யாரோ என்னிடம் ஒன்றை வாங்கிக்கொண்டது அதுதான் முதல் தடவை. விடியும் வரைக்கும் நீட்டிக்கொண்டே இருந்தேன்.

அந்த வரிசையில் வந்தவர்தான் லைன்மேன் அண்ணன். என் கணவரோடு பள்ளியில் படித்தவர், பகலெல்லாம் மின்கம்பம் ஏறுகிற வேலை. ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். நான் காலையில் நடப்பதைப் பார்த்திருக்கிறார். "நாங்க ஆறு பேரு நாலரைக்கு ஓடுவோம். வாரியளா?" என்று கேட்டார். பெண்பிள்ளை ரோட்டில் ஓடுவதா என்று மாமிக்குக் கவலை. குழுவில் ஒரு நர்ஸ் அக்கா இருப்பதாகத் தெரிந்ததும் சம்மதித்தார். ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர், மொபைல் கடை வைத்திருக்கும் தம்பி, கல்லூரியில் படிக்கும் இரண்டு பேர் என்று எல்லோரும் வேறு வேறு வேலை பார்ப்பவர்கள். பரிசு வாங்கும் வேகம் எங்களில் யாருக்கும் கிடையாது. நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு தோட்டங்களுக்கு நடுவே ஓடுவோம். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும் என்பதால் பால் வெட்டுகிறவர்களும் அந்த நேரத்தில் நெற்றி விளக்கோடு மரம் மரமாக நகர்வார்கள். இருட்டில் தூரத்து வெளிச்சம் ஓடுகிறவருடையதா வெட்டுகிறவருடையதா என்று தெரியாது. பாட்டி இருந்திருந்தால் இதைப் போனில் சொல்லியிருப்பேன்.

சரி, டர்பனுக்கு வருகிறேன். போன வருடம் ஒரு நாள் ஓடி முடித்து டீ குடிக்கும்போது அண்ணன், காம்ரேட்ஸ் மாரத்தானுக்குப் போக வேண்டும் என்று சொன்னார். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஓடுகிற ஓட்டம். தூரம் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், ஏறக்குறைய 90 கிலோமீட்டர். முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் நினைவாக விக் கிளாப்பம் என்பவர் தொடங்கியது. 1921-ல் 34 பேர் கிளம்பி 16 பேர் முடித்தார்கள். டர்பனிலிருந்து கிளம்பினால் மேலே ஏறும் ஓட்டம், அந்தப் பக்கமிருந்து வந்தால் இறங்கும் ஓட்டம். அண்ணனுக்கு அமைந்தது ஏறும் ஓட்டம். சேர வேண்டுமென்றால் ஒரு சாதாரண மாரத்தானை, அதாவது 42 கிலோமீட்டரை, 4 மணி 50 நிமிடத்துக்குள் முடித்திருக்க வேண்டும். 4 மணி 38 நிமிடத்தில் முடித்து அதற்குத் தகுதி வாங்கினார்.

12 மணி நேரத்துக்குள் கோட்டைத் தாண்ட வேண்டும். அந்தக் கடைசி நிமிடத்தைக் கல்லூரித் தம்பி போனில் காட்டினான். முடிவுக் கோட்டில் ஓர் அதிகாரி, ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நேரம் முடிந்ததும் துப்பாக்கியை மேலே நீட்டிச் சுடுகிறார். ஒரு நொடி பிந்தி வந்தாலும் கணக்கில் இல்லை. இரண்டு எட்டு தூரத்தில் ஒருவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அழுதுவிட்டேன், தலைமைக் காவலர் ஐயாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணனை அந்தத் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அன்றைக்கு எங்கள் எல்லோருடைய வேலையாகவும் ஆகிவிட்டது.

அந்தப் பாதையில் ஐந்து பெரிய மேடுகள்: கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இன்சாங்கா, கடைசியில் பாலி ஷார்ட்ஸ். இந்த ஐந்து பெயரையும் எங்கள் ஊர் மேடுகளுக்கு வைத்தோம். பேச்சிப்பாறை அணைக்கு ஏறும் வழிக்குப் பாலி ஷார்ட்ஸ் என்று பெயர். காம்ரேட்ஸில் அது முடிவுக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில், கால் செத்த பிறகு வரும். அதனால் இங்கேயும் 30 கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகுதான் அண்ணனை அந்த மேட்டில் ஏற்றினோம். அங்கே தண்ணீரைச் சின்னப் பாக்கெட்டில் கொடுப்பார்கள், பல்லால் கடித்துக் குடிக்க வேண்டும். இங்கே தண்ணீர் பாக்கெட் 2019-லேயே தடையாகிவிட்டது. மொபைல் கடைத் தம்பி பால் கவர்களைக் கழுவி, வெட்டி, மெழுகுவர்த்தியில் ஒட்டிச் செய்து கொண்டு வந்தான். அங்கே 'பஸ்' என்று ஒன்று உண்டு. அனுபவசாலி ஒருவர் கொடி பிடித்து ஒரே வேகத்தில் ஓடுவார், அவர் பின்னால் ஒரு கூட்டம் போகும். அவருக்கு டிரைவர் என்று பெயர். இதை மாமியிடம் சொன்னதும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. சாலய ஓட்டத்தில் வழி தெரிந்த மூத்தவர் பின்னால் பிள்ளைகள் போவது மாதிரிதானே என்றார்.

ஏப்ரல் கடைசியில் 60 கிலோமீட்டர் ஓட்டம் வைத்தோம். கன்னியாகுமரி காந்தி மண்டபத்து வாசலில் இரவு 11 மணிக்குக் கிளம்பி, சுசீந்திரம், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை. காந்தி மண்டபத்தில் தொடங்கலாம் என்று சொன்னது நான். 1893-ல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில்தான். அண்ணன் ஓடி முடிக்கப்போவது அந்த ஊரில்.

ஆளுக்குக் கொஞ்ச தூரம் கூட ஓடினோம். மற்ற நேரம் நானும் கணவரும் ஓம்னி வேனில் முன்னால் போய் ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்போம். வேனில் மட்டிப்பழம், உப்புப் போட்ட கஞ்சித் தெளிவு, அவித்த மரச்சீனி, கருப்பட்டி, ஐஸ் வாளி எல்லாம் இருந்தன. சித்திரை மாதப் புழுக்கம், இரவிலும் வியர்வை காயவில்லை. அண்ணன் வேர்த்து ஒழுகி வருவதைப் பார்க்கும்போது எனக்குத் தாங்காது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தேன். குடியுங்கள் அண்ணா, இன்னும் கொஞ்சம் குடியுங்கள் என்று கெஞ்சிக் கொடுத்தேன். மறுக்க மனமில்லாமல் அவரும் குடித்தார். கஞ்சி வேண்டாம் என்றபோது நான் வற்புறுத்தவில்லை.

அழகியமண்டபம் வந்தபோது அண்ணன் நேராக நிற்கவில்லை. குமட்டல், தலைவலி. கேட்டதற்கு மெதுவாகத்தான் பதில் வந்தது. நான் அடுத்த பாட்டிலைத் திறந்தேன். நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தார். அண்ணனின் விரலைப் பார்த்தார், மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. "இது தண்ணி குறைஞ்சதில்ல, கூடிப்போனது. இனி ஒரு சொட்டு வெறுந்தண்ணி கொடுக்காதே" என்றார்.

ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடுவது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் நீண்ட ஓட்டத்தில் இது வரும், முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து. டிம் நோக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் 1980-களில் இதைப் பற்றி எழுதியபோது, அவர் பார்த்தவர்களில் இதே காம்ரேட்ஸில் ஓடியவர்கள் இருந்தார்கள் என்று பின்னால் படித்தேன். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தெரியாது. என் கையால் கொடுத்த தண்ணீர் என்பது மட்டும் தெரிந்தது. பூட்டிய கடைத் திண்ணையில் அவரை உட்கார வைத்தோம். அக்கா உப்பு நார்த்தங்காயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். பேச்சில் தடுமாற்றம் கூடினால் நேராக ஆஸ்பத்திரிதான் என்று சொல்லி, நிமிடத்துக்கு ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் விசிறிக்கொண்டு இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அண்ணன் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு வந்து, பசிக்கிறது என்றார். அக்கா முகம் தெளிந்தது. மீதியை ஓட அவர் விடவில்லை. களியக்காவிளை வரை வேனில்தான் போனோம்.

வீட்டுக்கு வந்து நான் யாரோடும் பேசவில்லை. மறுநாள் அண்ணனே வந்தார். "தாகத்துக்குக் குடிக்கணும், அன்புக்குக் குடிக்கப்பிடாது. அங்க போய்த் தெரியாம, இங்க தெரிஞ்சுது நல்லதுதான்" என்றார். அன்று ஒரு நோட்டுப் போட்டோம். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை என்ன. எடை கூடியிருந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். நோட்டு என் பொறுப்பு. இரண்டு வாரம் கழித்து, மருத்துவரைப் பார்த்துவிட்டு, அதே பாதையில் 50 கிலோமீட்டர் ஓடினார். மோதிரம் கடைசி வரைக்கும் தளர்வாகவே இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

விசா வேலையும் என்னிடம் வந்தது. நான் இங்கே தங்குவதற்காக எத்தனை தாள், எத்தனை நகல், எத்தனை கையெழுத்து என்று அலைந்தவள். குழுவில் இந்த வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு தாள் குறைகிறது என்று விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது, சேர்த்து மறுபடி அனுப்பினோம். வெளிநாட்டில் இறங்கியதும் எந்தத் தாளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், அதிகாரி கேட்டால் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இந்த ஊரில் நான் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல்.

இன்னொன்றும் சொன்னேன். அங்கே சாலையோரத்தில் தமிழ் முகங்கள் நிற்கும். 1860-லிருந்து சென்னை வழியாகப் போன கப்பல்களில் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள். பலருக்குப் பெயர்தான் தமிழில் இருக்கும், பேச்சு இருக்காது. எங்கள் பாட்டியின் அப்பா மலாயாவுக்குக் கப்பலேறியதும் அப்படித்தான். எண் அட்டையில் உங்கள் பெயரைப் பார்த்து யாராவது கூப்பிட்டால், நிற்க நேரமில்லாவிட்டாலும் கையைத் தூக்கிக் காட்டுங்கள் அண்ணா என்றேன்.

நேற்று இரவு திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு எல்லோரும் வேனில் போனோம். பையில் மாமி ஒரு சீப்பு மட்டிப்பழம் வைத்திருந்தார். ஓட்டத்தன்று காலையில் பழகின சாப்பாடுதான் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்று நானே சொல்லியிருந்தேன். அந்த நாட்டுக்குள் அனுமதியில்லாமல் பழம் கொண்டுபோகக் கூடாது என்பது வாசலில்தான் நினைவுக்கு வந்தது. எடுத்துவிட்டோம். பனையோலை விசிறி மட்டும் அடியில் இருந்தது, அதையும் எடுத்துக் கணவரிடம் கொடுத்துவிட்டு அண்ணன் உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே விடியுமுன் துப்பாக்கி வெடிக்கும்போது இங்கே காலைக் காப்பி முடிந்திருக்கும், மூன்றரை மணி நேர வித்தியாசம். முடிவுத் துப்பாக்கி நமக்கு இரவில். எல்லோரும் எங்கள் வீட்டில்தான் உட்காரப்போகிறோம், மாமி சுக்குத் தண்ணீர் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வரும் வழியில் பழத்தை யாரும் தொடவில்லை. நெய்யாற்றின்கரையில் தலைமைக் காவலர் ஐயா ஒன்றை உரித்து என்னிடம் நீட்டினார். பாறசாலை தாண்டுவதற்குள் சீப்பு காலி.