மூணாறுக்குப் போகிற வழியில் மறையூரில் இறங்கிவிடுங்கள்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகிறவர்களில் பெரும்பாலானோர் மறையூரை ஒரு டீக்கடை நிறுத்தமாகத்தான் பார்க்கிறார்கள். வண்டியை ஓரம் கட்டி, டீ குடித்து, ஒரு கிலோ வெல்லம் வாங்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில் செல்ஃபி எடுக்க ஓடிவிடுகிறார்கள். எனக்கென்னவோ மூணாறில் இல்லாதது எல்லாம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அங்கே பச்சை மட்டும்தான், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பச்சை. இங்கே பாறை, கரும்பு, சந்தனம், அடுக்கடுக்கான பூண்டு வயல், பல நூற்றாண்டுகளுக்கு முன் செத்துப்போனவர்களுக்குக் கட்டிய கல்வீடுகள் என்று எல்லாம் ஒரே கண்பார்வைக்குள் கிடக்கின்றன.

இவ்வளவுக்கும் காரணம் ஒன்றுதான். மழை இங்கே வருவதில்லை. வராது என்று இல்லை, மிச்சம் மீதிதான் வரும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தை அடித்து நொறுக்கிக்கொண்டு வரும்போது 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் அதன் கூட்டாளி மலைகளும் மேற்கே குறுக்கே நின்று மொத்தத்தையும் வாங்கிக்கொள்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் மூணாறு நனைந்து ஊறிக்கொண்டிருக்கும் ஜூலை மாதத்தில் இந்தப் பக்கம் வெறும் காற்றுதான், ஆளைத் தள்ளுகிற காற்று. பள்ளத்தாக்கின் கீழ்முனையான சின்னாறில் ஒரு வருடத்துக்கே ஏறக்குறைய 500 மில்லிமீட்டர் மழைதான். மலை மேல் இருந்தாலும் அது நம் வறண்ட மாவட்டங்களின் கணக்குதான்.

அமராவதி அணையைத் தாண்டி ஒன்பதாறு செக்போஸ்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு விடுவார்கள். அங்கிருந்தே காடு ஆரம்பித்துவிடுகிறது, ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை என்றதும் மனதில் வருகிற காடு இல்லை. முள்ளும் புதரும் கள்ளியுமாக, வேலமரத்துக்கு நடுவே மண் தெரிகிற காடு. இதை நம்பித்தான் நட்சத்திர ஆமை இங்கே வாழ்கிறது, சாம்பல் நிற அணிலும் இங்கே உண்டு. சின்னாறு 1984-ல் சரணாலயம் ஆனது, பரப்பு 90 சதுர கிலோமீட்டர் சொச்சம். இந்த அணிலைப் பார்க்க ஆற்றோர மரங்களைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு இருக்கும், தரையில் இறங்காமலே மரம் விட்டு மரம் போகலாம். அப்புறம் யானை. சாலையில் இருட்டுவதற்குள் செக்போஸ்டைத் தாண்டிவிடுவது எல்லோருக்கும் நல்லது, முக்கியமாக இருசக்கர வாகனக்காரர்களுக்கு.

ஆலாம்பட்டி பக்கம் வளைவு ஒன்றில் நின்றால் பள்ளத்தின் எதிர்ப்புறம் காட்டுக்குள் தூவானம் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். அது பாம்பாறு. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் கபினி, பவானி, பாம்பாறு என மூன்றே மூன்று, மற்றதெல்லாம் அரபிக்கடலுக்குப் போகிறவை. பாம்பாறு மட்டும் ஆனைமுடிப் பக்கத்துச் சோலைகளில் பிறந்து, மறையூர்க் கரும்புக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, சின்னாறோடு சேர்ந்து அமராவதியாகி, தாராபுரம், கரூர் வழியாகக் காவிரியில் கலக்கிறது. மாநில எல்லைக்கோட்டை 1956-ல் எங்கே போட்டார்கள் என்று தெரியும், ஆனால் தண்ணீர் அதற்கு முன்பே தன் கட்சியை முடிவு பண்ணிவிட்டது.

தண்ணீர் மட்டுமா. பேருந்துப் பலகை மலையாளத்தில் இருக்கும், கடைக்காரர் தமிழில் பேசுவார். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்று ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். இந்த ஊர்களின் பழைய குடிகள் தங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்கிறார்கள். மேலே காட்டுக்குள் இருக்கும் முதுவர் பழங்குடிகளின் குடியிருப்புகளிலும் கேட்டுப் பாருங்கள், அவர்களும் மதுரையைத்தான் கை காட்டுவார்கள். யார் எப்போது எதற்காக வந்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. ஆனால் ஓடி ஒளிந்து பிழைக்க வந்தவன் தேர்ந்தெடுக்கிற இடம்தான் இது என்பது நின்று பார்த்தாலே புரிகிறது: நாலாபக்கமும் மலை, நடுவில் தட்டையாக விளைநிலம், வருடம் முழுக்க ஓடை.

அவர்களுக்கும் ரொம்ப முன்னால் வந்தவர்களின் அடையாளம் கோவில்கடவில் இருக்கிறது. பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில், அதற்கு மேலே மொட்டைப் பாறை, பாறை மேல் முனியறைகள். தொல்லியலில் கல்திட்டை என்பார்கள், பெருங்கற்கால ஈமச் சின்னம். ஊர்க்காரர்கள் முனிவர்கள் தவம் இருந்த இடம் என்பார்கள், பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கினார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு (பாண்டவர்கள் தங்காத குன்று தமிழ் பேசும் பூமியில் எங்கே இருக்கிறது?).

கிட்டே போய் உட்கார்ந்து பாருங்கள். நாலு பக்கமும் பலகைக்கல்லை நிமிர்த்தி நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல். சுண்ணாம்பும் இல்லை, ஆணியும் இல்லை, ஒன்றின் கனம் ஒன்றைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இந்தப் பலகைக்கல்லை எங்கிருந்து கொண்டுவந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே காலடியைப் பார்த்தால் பதில் அங்கேயே கிடக்கிறது: வெயிலிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்த பாறை மேல்தோல் உரிந்தாற்போல அடுக்கடுக்காகப் பெயர்ந்து நிற்கிறது. பெயர்த்து, தூக்கி, நிறுத்த வேண்டியதுதான் பாக்கி. அந்தத் தூக்குவதுதான் எனக்குப் பிடிபடவில்லை, மூடுகல்லைக் கையால் தள்ளிப் பார்க்கக்கூடத் தோன்றாது, அவ்வளவு கனம். சிலவற்றில் மூடுகல் சரிந்து கிடக்கிறது. சிலவற்றில் உள்ளே பிளாஸ்டிக் பாட்டில். ஒரு பலகைக்கல்லில் யாரோ காதலர்கள் பெயரை ஆணியால் கீறி வைத்திருந்தார்கள். சுற்றி ஒரு வேலி போட்டு, ஒரு ஆளை உட்கார வைத்தால் போதும்.

அந்தப் பாறை மேட்டிலிருந்து கீழே பார்த்தால் கரும்பு. கரும்புக்கு நடுவே அங்கங்கே ஓலையும் தகரமும் போட்ட கொட்டகைகளிலிருந்து புகை. அது ஆலை. என்னைக் கேட்டால் மறையூரில் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான். அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது, "அண்ணே, பார்க்கலாமா" என்று கேட்டால் "வாங்க தம்பி, அடுப்புப் பக்கம் மட்டும் போகாதீங்க" என்பார்கள். வெட்டிய கரும்பை உடனே பிழிந்து, சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றுகிறார்கள். அடுப்புக்கு விறகு இல்லை, பிழிந்து காயப்போட்ட கரும்புச் சக்கையேதான் எரிகிறது. ஒருவர் கொஞ்சம் சுண்ணாம்பு போட, அழுக்கு நுரையாக மேலே வந்து சேர்கிறது, அதை வழித்து வழித்து எடுக்கிறார்கள். மணிக்கணக்கில் கொதித்துப் பாகு பதத்துக்கு வந்ததும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறுகிறார்கள், அப்புறம்தான் நான் பார்த்துக்கொண்டே நின்ற வேலை: ஆறுவதற்குள், அந்தச் சூட்டிலேயே, வெறுங்கையால் அள்ளி உருண்டை பிடிக்கிறார்கள். மறையூர் வெல்லத்துக்கு அச்சு கிடையாது. கையில் ஒரு உருண்டையைத் திருப்பிப் பார்த்தால் பிடித்தவரின் விரல் பதிந்த பள்ளம் அப்படியே தெரியும். கறுத்த பழுப்பு நிறம், உப்புக் கரிப்பு துளிகூட இல்லை.

இந்த வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு அவர்கள் போராடியதற்குக் காரணம் நாம்தான் என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லிக்கொள்கிறேன், சமவெளியிலிருந்து விலை குறைந்த வெல்லம் மலையேறி வந்து மறையூர் வெல்லம் என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே சாலையோரக் கடையில் வாங்காமல் ஆலையிலேயே வாங்குங்கள், சூடாக இருந்தால் அசல்.

சந்தனக் காட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஏமாற்றம்தான். கேரளத்தில் சந்தனம் தானாக வளர்கிற பெரிய காடு இது, சாலை ஓரமாகவே கிலோமீட்டர் கணக்கில் இரும்பு வலை போட்டு அடைத்து, காவலர்களைப் போட்டு இரவு பகலாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மணக்குமே என்று மூக்கை விடைத்துக்கொண்டு நின்றால் ஒன்றும் வராது. வாசனை உள்ளே வைரத்தில், அதாவது நடுக்கட்டையில் இருக்கிறது, பட்டைக்கும் இலைக்கும் அது கிடையாது. பார்க்க சாதாரண மரம், பெரிய உயரமும் இல்லை. மண்ணுக்குக் கீழேதான் அதன் வேலை எல்லாம்: தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டவிட்டு அங்கிருந்தும் உறிஞ்சிக்கொள்கிற பாதி ஒட்டுண்ணி அது. மழை கொட்டுகிற இடத்தில் இதற்கு மரியாதை கிடையாது, இந்த மாதிரி அரைக்காய்ச்சல் பூமியில்தான் நல்ல வைரம் பிடிக்கும் என்கிறார்கள். வலைக்கு அந்தப் பக்கம் மான்களும் காட்டுமாடுகளும் பயமே இல்லாமல் மேய்கின்றன, மரத்துக்குப் போட்ட பாதுகாப்பு அவற்றுக்கும் சேர்ந்து கிடைத்திருக்கிறது.

மறையூரிலிருந்து காந்தலூர் வரை ஏற்றம்தான். மறையூர் ஏறக்குறைய 1,000 மீட்டர், காந்தலூர் 1,500 மீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் கரும்பிலிருந்து ஆப்பிளுக்குப் போய்விடலாம். மலைச்சரிவை வெட்டி அடுக்கு அடுக்காக வயல், அதில் பூண்டு, கேரட், பீன்ஸ், முட்டைகோஸ். கேரளத்தில் ஆப்பிள் காய்க்கிற ஊர் என்பதால் கொச்சிப் பக்கத்து ஆட்கள் குடும்பத்தோடு வந்து மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஆப்பிள் பெரிதாகப் படவில்லை, பூண்டுதான் பிடித்தது. பல் சின்னதாக, காரம் தூக்கலாக, மணம் கையை விட்டுப் போகாது. அறுவடையானதும் அதில் பெரும்பகுதி வடுகபட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் போகிறது, தண்ணீரைப் போலவே சரக்கும் கிழக்கே இறங்குகிறது.

இவ்வளவு அழகுக்கு நடுவே கண்ணை உறுத்துவது யூகலிப்டஸ். இங்கே அதைக் கிராண்டிஸ் என்பார்கள். ஒரு தலைமுறைக்கு முன் நட்டுவிட்டுச் சும்மா இருந்தாலே பணம் என்று சரிவு சரிவாக வைத்துவிட்டார்கள், இப்போது ஓடை வற்றிவிட்டது, ஊற்று நின்றுவிட்டது என்று பழைய விவசாயிகள் புலம்புகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அடர்ந்த காடு மாதிரிதான் இருக்கும், உள்ளே போனால் ஒரு பறவைச் சத்தம் இல்லை. மழையே இல்லாத பள்ளத்தாக்கு மேலே இருக்கும் சோலைகள் கசியவிடுகிற தண்ணீரில்தான் பிழைக்கிறது, அந்த வாயிலேயே தண்ணீர் குடிக்கிற மரத்தை நட்டது என்ன கணக்கோ.

காந்தலூருக்கு 2023-ல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமத்துக்கான தங்கப் பரிசு கிடைத்தது, அதிலிருந்து தங்கும் விடுதிகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. வார நாளில் போனால் வயல் வரப்பில் நிம்மதியாக நடக்கலாம், சனி ஞாயிறு என்றால் ஜீப் சத்தம்தான். ஜூன், ஜூலையில் காற்று, அக்டோபர், நவம்பரில் நம் வடகிழக்கு மழை கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அது முடிந்த கையோடு போனால் தூவானத்தில் தண்ணீரும் இருக்கும், வானமும் கழுவிவிட்டது போலிருக்கும். குறிஞ்சி பார்க்க வேண்டும் என்பவர்கள் வட்டவடைப் பக்கம் இருக்கும் குறிஞ்சிமலை சரணாலயத்துக்கு 2030 வரை பொறுத்திருக்க வேண்டும், போன முறை பூத்தது 2018-ல். மறையூரிலிருந்து மூணாறு நாற்பது கிலோமீட்டர்தான், லக்கம் அருவியைத் தாண்டும்போதே தேயிலை வந்துவிடும். அது எங்கும் ஓடிப்போகாது, முதல் ராத்திரியைக் காந்தலூரில் போட்டுக்கொள்ளுங்கள்.