ஒரு பனியனின் விலை

நேற்று ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் போயிருந்தேன். நொய்யல் ஆற்றின் குறுக்கே, பாசனத்துக்காகக் கட்டி 1992ல் திறந்த அணை. கடைசியில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப் போனது.

அம்மாயி வீட்டுக் கிணறு நொய்யல் ஓரம்தான். அந்தத் தண்ணீரை வைத்தால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "இதுல என்னத்தக் கண்ணு வெள்ளாமை வெக்கறது?" என்று அம்மாயி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

தொழிலைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கும் பனியன் கம்பெனிச் சம்பளம்தான் சோறு போட்டது. லாபம் பார்க்காமல் யாரும் பட்டறை நடத்த முடியாது, சரி. ஆனால் சாயத்தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவு பனியன் விலையில் சேராதபோது, அதை வேறு யாரோ கட்டுகிறார்கள். இங்கே கட்டியது ஆற்றோர விவசாயி. விலையைக் குறை, குறை என்று நெருக்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. வணிகமயம் என்றால் எனக்கு இதுதான்: லாபம் ஒருவர் கணக்கில், செலவு அடுத்தவர் கிணற்றில்.

விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்குத் தொழில் வேகமாக மாறியது. அதாவது, முடியாத காரியமே இல்லை அது. முன்பே செய்திருக்கலாம்.

அம்மாயி இப்போது இல்லை. கிணறு இருக்கிறது. இன்னமும் உப்புதான்.