பேய்க்கு ஒரு பிளாட்பாரம்

மார்ச் 6, 2025

ஜப்பானின் யோனாகோ ஸ்டேஷனில் சகாய்மினாதோ ஊருக்குப் போகும் ரயில் நிற்கும் பிளாட்பாரத்தின் எண் பூஜ்யம். ஜப்பானிய மொழியில் ‘ரெய்’ என்றால் பூஜ்யம். ஆவிக்கும் அதே உச்சரிப்பு. வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு பேய்ப்பெயர் வேறு. எல்லாம் சகாய்மினாதோவில் வளர்ந்த மங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியர் மிசுகி ஷிகேருவுக்காக. சின்ன வயதில் ஷிகேரு என்று சொல்ல வராமல் ‘கெகெரு’ என்பாராம். கிடாரோ என்ற பேய்ச்சிறுவனைப் பற்றிய அவருடைய ‘கெகெகெ நோ கிடாரோ’ மங்காவின் கெகெகெ அங்கிருந்து வந்ததுதான்.

பேய்களை அவருக்குப் பழக்கிவிட்டவர் நோன்நோன்பா என்ற கிழவி. கூரையில் கறை தெரிந்தால், ‘தென்ஜோனாமே’ என்ற பேய் ராத்திரி வந்து நக்கிவிட்டுப் போயிருக்கிறது என்பார். அந்தப் பாட்டியைப் பற்றி மிசுகி வரைந்த புத்தகம் 2007-இல் பிரான்சின் அங்கூலேம் படக்கதை விழாவில் சிறந்த ஆல்பம் விருது வாங்கியது.

மார்ச் 7

காலையிலிருந்து மழை. அறையிலேயே அவருடைய போர்க்கதைகளைப் படித்தேன்.

இரண்டாம் உலகப்போர்ப் பட்டாளத்தில் ஊதுகொம்பு வேலை கொடுத்தார்கள், ஊத வரவில்லை. வேறு வேலை கேட்டதும், வடக்கா தெற்கா என்றார்கள். குளிர் ஆகாது, தெற்கு என்றார். கொண்டுபோய்விட்ட இடம், இன்றைய பப்புவா நியூ கினியிலுள்ள ரபவுல்! அங்கே ஒரு விடியற்காலைக் காவலில், தொலைநோக்கியில் கிளிகளைப் பார்த்து லயித்துப்போனார். தூங்குபவர்களை எழுப்பப் போகத் தாமதம். அதற்குள் தாக்குதல்; படைப்பிரிவில் மிஞ்சியது இவர் ஒருவர். கடலிலும் காட்டிலும் தப்பி வந்தவருக்கு, எல்லோரும் செத்தபோது நீ மட்டும் ஏன் வந்தாய் என்று வசவு. அப்புறம் மலேரியாவில் படுத்திருந்தபோது குண்டுவீச்சில் இடது கை போயிற்று.

அவரைத் தேற்றியவர்கள் பக்கத்துக் கிராமத்து தொலாய் மக்கள். நிலம் தருகிறோம், இங்கேயே இரு என்றார்களாம். ஏழு வருஷத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், வந்து சேரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நடுவில் என்ன? வறுமைதான். தெருவில் படம் காட்டிக் கதை சொல்லும் கமிஷிபாய்க்கு வரைந்தார். பிறகு வாடகை நூலகங்களுக்கு மங்கா. அடகுக்கடைச் சீட்டுகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. 1965-இல் ‘தெரெபி-குன்’ என்ற மங்கா, கோதான்ஷா பதிப்பகத்தின் விருதை வாங்கியபோது வயது 43.

மார்ச் 8

இன்று அவர் பிறந்தநாள். ஒன்பதரைக்குத்தான் எழுந்தேன், குற்றவுணர்ச்சியே இல்லை. மங்கா ஓவியர்கள் தெசூகாவும் இஷினோமோரியும் ராத்திரி கண்விழித்து வரைவதைப் பெருமையாகச் சொல்வார்கள், நானோ நன்றாகத் தூங்குவேன் என்று இவர் ஒரு படக்கதை போட்டிருக்கிறார். அந்த இருவரும் 60 வயதில் போய்விட்டார்கள். இவர் 2015 நவம்பர் வரை, 93 வயது. கொஞ்சம் குரூரமான நகைச்சுவைதான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கே தூங்கி எழுந்து, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத் தாமதமாகப் போன ஆள், வேறு எப்படிப் பேசுவார்?

மழை விட்டதும் அவர் பெயரிலுள்ள தெருவில் நடந்தேன். 177 வெண்கலச் சிலைகள். கிடாரோவின் அப்பா, அதாவது வெறும் கண்விழி, இருந்த இடத்தில் நல்ல கூட்டம். விழியைத் தொட்டுத் தொட்டுப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார்கள். நானும் தொட்டேன். சில்லென்று இருந்தது.